நம்ம ஊர் மாதிரியே ஒரு வெளிநாடு!

புத்தளம் கரையோரம் குடும்பத்தோடு ஒரு சுற்று… உப்பளம் முதல் டால்பின் வரை சொல்லித்தந்த பாடங்கள்

மாலத்தீவிலிருந்து தமிழகக் கரைக்கு அந்தக் காலத்தில் மூன்று நாள் கடற்பயணம். 1344-ல் அப்படிக் கிளம்பிய உலகப் பயணி இபின் பதூதாவுக்கு ஒன்பது நாள் ஆனது. மாலுமிக்கு வழி சரியாகத் தெரியவில்லை. ஒன்பதாம் நாள் கண்ணில் பட்டது இலங்கைக் கரை. யாழ்ப்பாண மன்னர் ஆரியச்சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்ட துறை அது என்று தெரிந்ததும், கப்பலில் இருந்தவர்கள் இறங்கப் பயந்தார்கள். பதூதா, ‘என்னை மட்டும் கரையில் விடுங்கள், மன்னரிடம் அனுமதி வாங்கி வருகிறேன்’ என்று இறங்கிவிட்டார். ‘நீங்கள் யார்?’ என்று கரையில் நின்றவர்கள் கேட்டபோது, மதுரை சுல்தானுக்கு உறவு என்றார். பொய்யும் இல்லை. சுல்தானும் அவரும் அக்கா, தங்கையை மணந்த சகலைகள்!

பதூதா ‘பட்டாளா’ என்று எழுதிவைத்த அந்த ஊரைத்தான் இன்றைய புத்தளம் என்று அடையாளம் காண்கிறார்கள். கரையெங்கும் கறுவாப்பட்டை மரங்கள் குவிந்து கிடந்ததை அவர் எழுதியிருக்கிறார். மன்னருக்குப் பாரசீகம் புரிந்தது. விருந்து வைத்தார், முத்துகள் கொடுத்தார். ‘வேறென்ன வேண்டும்?’ என்று கேட்டவரிடம் பதூதா, சிவனொளிபாத மலையைத் தரிசிக்க வேண்டும் என்றார். பல்லக்கும் துணைக்கு ஆட்களும் உடனே தயார். அனுமதி கேட்டு இறங்கியவருக்குப் பல்லக்கே கிடைத்தது.

ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் கழித்து அதே கரைக்கு அப்பா, அம்மா, மனைவி, மகள், மகன் என்று குடும்பமாகப் போய்வந்த எனக்கு, அனுமதி கேட்டு இறங்கிய பதூதாவின் அந்த முதல் காரியம்தான் பயணம் முழுக்கப் பாடமாக நின்றது. மொழி தெரியாத நாட்டில் எல்லோரும் எதையும் கேட்டுத்தான் செய்வோம். தமிழ் பேசும் வெளிநாட்டில்தான் கேட்காமலே எல்லாம் தெரிந்ததுபோல இருக்கும். அங்கேதான் அதிகமாகக் கேட்க வேண்டும். கேட்கக் கேட்க அந்த ஊர் திறந்துகொண்டே போகிறது.

அக்கரைத் தூத்துக்குடி

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வடக்கே நீர்கொழும்பு, சிலாபம், முந்தல் என்று கடலை ஒட்டியே போகிறது புத்தளம் நெடுஞ்சாலை. சிலாபம் தாண்டும்வரை தென்னந்தோப்புகள்தான். அதன் பிறகு காற்றில் உப்பு வாசம் ஏறுகிறது; பனை தலைகாட்டுகிறது; மண் வெளுக்கிறது. புத்தளம் நகருக்குள் நுழையும்போது வெள்ளை வெளேரென்று உப்பளங்கள். தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஊருக்கே திரும்பி வந்ததுபோல் இருக்கும். இரண்டும் மன்னார் வளைகுடாவைப் பார்த்து வாழும் ஊர்கள். இரண்டிலும் உப்பு உண்டு, முத்துக்குளித்த கதை உண்டு, போர்த்துக்கீசியர் காலத்துக் கத்தோலிக்க மீனவர்கள் உண்டு, பல தலைமுறையாகக் கடல் வணிகம் செய்த முஸ்லிம் குடும்பங்கள் உண்டு.

சின்னச் சின்ன வித்தியாசங்களைப் பிள்ளைகள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். சாலையில் கழுதைகள் யாருக்கும் கட்டுப்படாமல் குடும்பம் குடும்பமாக நடந்து போகின்றன. அந்தக் காலத்து அரபு வணிகர்கள் விட்டுப்போன கழுதைகளின் வாரிசுகள் என்று ஊரில் சொல்கிறார்கள். மஞ்சள் கடவையில் கால் வைத்ததும் வண்டிகள் நிற்கின்றன. முதல் தடவை லாரி ஒன்று எங்களுக்காக நின்றபோது, அம்மா அந்த டிரைவருக்குக் கைகூப்பிவிட்டு சாலையைக் கடந்தார். பேருந்தில் முன் இருக்கை காலியாக இருக்கிறதே என்று உட்காரப் போன மகனை, மேலே மூன்று மொழிகளில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு மகள் தடுத்தாள். மதகுருமார்களுக்கு ஒதுக்கிய இடம் அது.

பணக் கணக்கும் அவள் பொறுப்புதான். அங்கேயும் ரூபாய்தான், ஆனால், நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் ரூபாய் மூன்றுக்கு மேல் கிடைக்கும். ஆறு பேர் சாப்பிட்ட பில்லில் ஆயிரங்களைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மாறும். மகள் மனக்கணக்காக வகுத்து நம்ம ஊர்த் தொகையைச் சொல்வாள். அப்பா அடுத்த டீ சொல்வார்.

உப்புக்காரரும் உப்புக்காரரும்

அப்பா பல வருஷம் உப்பளத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். உப்பைப் பற்றித் தனக்குச் சொல்லித்தர இனி யாரும் இல்லை என்றுதான் வண்டியை விட்டு இறங்கினார். பாத்தியோரம் நின்ற தொழிலாளியிடம் வணக்கம் சொல்லி, “உள்ளே வரலாமா?” என்று கேட்டார். அவர் கையில் இருந்த பலகையைக் கீழே வைத்துவிட்டு வரப்பைக் காட்டினார். அப்பா ஒரு கல் உப்பை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார், விரலால் நசுக்கினார், நாக்கு நுனியில் வைத்தார். “தண்ணி எங்கேருந்து எடுக்கிறீங்க?” என்றார். தொழிலாளி கையை நீட்டிக் களப்பை, அதாவது கடற்கழியை, காட்டினார்.

அங்கேதான் பேச்சு பிடித்துக்கொண்டது. தூத்துக்குடியில் பெரும்பாலும் நிலத்தடி உவர்நீரை இறைத்துப் பாத்தி கட்டுவார்கள். புத்தளத்தில் களப்பு நீர். புத்தளம் களப்பின் பரப்பு 327 சதுர கிலோமீட்டர். கடலுக்கும் களப்புக்கும் நடுவே நீளமாகக் கிடக்கும் மணல்மேடுதான் கற்பிட்டி. தண்ணீர் மாறினால் உவர் ஏறும் கணக்கு மாறும், பாத்தியின் வரிசை மாறும், வாருகிற நாள் மாறும். மழை ஒன்றுதான் இரு கரைக்கும் பொது எதிரி. மழை கெடுத்ததால் 2025 தொடக்கத்தில் இலங்கை இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதி செய்ய நேர்ந்ததைப் பற்றி இருவரும் பேசினார்கள். நாங்கள் நிழல் தேடி ஒதுங்கிவிட்டோம். அப்பா வெயிலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்கச் செய்த தொழிலைப் பற்றி எழுபது வயதுக்கு மேல் புதிதாக ஒன்று தெரிந்துகொள்கிற சந்தோஷத்தை அவர் முகத்தில் பார்த்தேன். எந்தச் சுற்றுலாத் திட்டத்திலும் இதைச் சேர்க்க முடியாது. பெரியவர்களை அழைத்துப் போனால், அவர்கள் தொழில் சம்பந்தப்பட்ட ஓர் இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

சம்பலில் ஒளிந்திருக்கும் மாசி

அம்மா சுத்த சைவம். காலையில் இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல் என்று வரிசையாக மேசைக்கு வந்தது. பார்த்தால் எல்லாமே சைவம். பரிமாற வந்தவரிடம் அம்மா கேட்டார்: “தம்பி, இதுல மீன் எதுவும் சேரலையே?” அவர் உடனே சம்பல் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “இதுல மாசி இருக்கு அம்மா. கொஞ்சம் இருங்க, உங்களுக்கு மாசி போடாம வேற அரைச்சுத் தாரேன்.”

மாசி என்பது அவித்து, புகையூட்டி, மரக்கட்டைபோல இறுகக் காயவைத்த சூரை மீன். மாலத்தீவிலிருந்து காலங்காலமாக இலங்கைக்கு வருவது. இடித்து ஒரு சிட்டிகை போட்டால் போதும், சம்பலுக்கு ருசி கூடிவிடும். சீனிச் சம்பலிலும் இருக்கும், சில மரக்கறிகளிலும் இருக்கும். இலங்கையில் சைவம் சாப்பிடுகிறவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரே வாக்கியம், ‘மாசி போட்டதா?’ யாரும் முகம் சுளிக்கவில்லை. அம்மா கேட்ட ஒவ்வொரு கடையிலும் உள்ளிருந்து ஒருவர் வந்து பதில் சொன்னார். சில இடங்களில் சமைத்தவரே வந்தார். அவர்களோடு பேசிப் பேசி, ஊர் திரும்புவதற்குள் சொதியின் பக்குவம் அம்மாவுக்குக் கைவந்துவிட்டது. பால் ஊற்றிய பிறகு கொதிக்க விடக்கூடாது. எலுமிச்சை பிழிவது அடுப்பை விட்டு இறக்கிய பிறகுதான்.

ஒரே தட்டு

எங்களுக்கு வண்டி ஓட்டிய நண்பரின் சொந்தத்தில் ஒரு விசேஷம். ‘வந்து சாப்பிட்டுத்தான் போகணும்’ என்று அவர் உம்மாவே போனில் கூப்பிட்டுவிட்டார். இலங்கை முஸ்லிம் வீடுகளின் சஹன் சாப்பாட்டை அன்றுதான் பார்த்தோம். தரையில் விரித்த பாயில் பெரிய தாம்பாளம். நடுவே சோறு மலைபோல. மேலே கோழி, இறைச்சி, கத்தரிக்காய், அச்சாறு. சுற்றிலும் ஐந்தாறு பேர். முதலில் ஒருவர் செம்பும் கிண்ணமுமாக வந்து ஒவ்வொருவர் கைக்கும் தண்ணீர் ஊற்றுகிறார். பிறகு எல்லோரும் அந்த ஒரே தாம்பாளத்தில்.

வீட்டில் தட்டு மாறினாலே சண்டை போடுகிற என் மகன் எப்படிச் சமாளிப்பான் என்று பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெரியவரிடம் அவனே கேட்டுவிட்டான்: “எப்படிச் சாப்பிடணும் தாத்தா?” பெரியவர் தன் முன்னால் இருந்த சோற்றில் விரலால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். “இது என்ட பக்கம். அது உங்கட பக்கம். உங்கட பக்கத்துலேருந்து எடுங்க.” சொல்லிவிட்டுத் தன் பக்கம் இருந்த பெரிய கோழித் துண்டை எடுத்து அவன் பக்கம் வைத்தார். சஹனின் சட்டமும் அதுதான், அந்தச் சட்டத்தின் அழகும் அதுதான். தன் முன்னால் இருப்பதை மட்டும் தொடலாம். ஆனால், நல்லதை எடுத்து அடுத்தவர் பக்கம் தள்ளலாம்.

பெண்கள் பக்கம் அம்மாவுக்குத் தனியாக வாழையிலை போட்டு சோறும் பருப்பும் வைத்திருந்தார்கள். கடைசியில் வட்டிலப்பம் வந்தபோது, அம்மா கேட்பதற்கு முன்பே வீட்டு அம்மா முந்திக்கொண்டார்: “இதுல முட்டை இருக்கு. உங்களுக்கு வாழைப்பழமும் தயிரும் பாணியும் எடுத்து வச்சிருக்கேன்.” விருந்தாளி கேட்டுச் சாப்பிட வேண்டும் என்பது ஒரு பாதி. சொல்லிப் பரிமாற வேண்டும் என்பது மறுபாதி. அந்த வீட்டில் இரண்டையும் பார்த்தோம்.

சும்மா இருந்தால் வரும்

கற்பிட்டியின் கந்தக்குளி, ஆலங்குடா கரைகளிலிருந்து விடியற்காலையில் டால்பின் பார்க்கப் படகுகள் கிளம்புகின்றன. நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும் பருவம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் அக்டோபர் வரை கடல் முரடு. அப்போது இந்தக் கரை, பட்டம் கட்டிக்கொண்டு அலைமேல் சறுக்குகிற வெளிநாட்டு இளைஞர்களுடையது. குடும்பமாகப் போகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்து டிக்கெட் போடுவது நல்லது. படகேறும் முன் வயிற்றைக் காயப்போடாமல், நிரப்பாமல், நாலு பிஸ்கட்டும் ஒரு துண்டு இஞ்சியும் போதும். உயிர்காப்பு அங்கியின் வாரைக் கடைசி வரை இழுத்துக் கட்டிவிட்டுத்தான் படகுக்காரர் எஞ்சினைத் தொட்டார்.

கரை கண்ணுக்கு மறைந்த பிறகு, தூரத்தில் தண்ணீர் கொதிப்பதுபோலத் தெரிந்தது. கூட்டமாக டால்பின்கள். “கிட்டப் போங்க, கிட்டப் போங்க” என்று பிள்ளைகள் குதித்தார்கள். படகுக்காரர் எஞ்சின் வேகத்தைக் குறைத்தார். “துரத்தினா ஓடிரும் தம்பி. நாம சும்மா நிண்டா அதுவே வரும்.” நின்றோம். வந்தன. முதலில் ஒன்று, பிறகு படகின் இரண்டு பக்கமும். இங்கே அதிகம் காணப்படுவது சுழல் டால்பின் வகை. தண்ணீரிலிருந்து எகிறி, வாலை உதறி, பம்பரமாகச் சுற்றிவிட்டுத்தான் விழும். ஒன்று படகுக்கு மிக அருகில் அப்படி எழும்பியபோது, அதன் வயிற்றின் வெளிர் நிறமும் முதுகின் கருஞ்சாம்பலும் மாறி மாறித் தெரிந்தன. விழுந்த வேகத்தில் அப்பாவின் கண்ணாடி முழுக்கத் தண்ணீர். துடைக்காமலே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரை திரும்பியதும் மகன் மணலில் வெள்ளைப் பவளத் துண்டு ஒன்றைக் கண்டெடுத்தான். இந்தக் கரையின் முன்னால்தான் 1992-ல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்ட ‘பார் ரீஃப்’ பவளப்பாறைத் தொடர் இருக்கிறது. பவளத்தை எடுப்பது அங்கே குற்றம். இந்தியாவிலும் வனவிலங்குச் சட்டம் பவளத்தைப் புலிக்குச் சமமாகப் பட்டியலிட்டுக் காக்கிறது. “எடுத்துட்டுப் போகலாமா?” என்று அவனே கேட்டதால், “கூடாது” என்று சொல்ல வாய்ப்புக் கிடைத்தது. அதை மணலில் வைத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டான்.

எல்லோருக்கும் இடம் உண்டு

இந்தக் கரையின் கோயில்களும் தேவாலயங்களும் ஒருவருக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. சிலாபம் அருகே முன்னேஸ்வரம், ஈழத்தின் ஐந்து ஈஸ்வரங்களில் ஒன்று. ராவணனைக் கொன்ற பாவம் நீங்க ராமர் வழிபட்ட இடம் என்பது தலபுராணம். பக்கத்தில் மானாவரி, கடைசியில் நம்ம ராமேஸ்வரம் என்று அந்தக் கதை நீள்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இடித்த கோயிலை, 18-ஆம் நூற்றாண்டில் கண்டி மன்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் மீட்டெடுத்தார். மதுரை நாயக்கர் வழி உறவில் வந்த பௌத்த மன்னர் அவர். அங்கே சிவன் சன்னதியில் அம்மா கண்மூடி நின்றபோது, அவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிங்களக் குடும்பங்கள் தாமரைத் தட்டுடன் நின்றன. பக்கத்துக் காளி கோயிலில் கூட்டம் இன்னும் அதிகம்.

கற்பிட்டி போகும் வழியில் தலவில புனித அன்னம்மாள் தேவாலயம். மார்ச்சிலும் ஜூலை-ஆகஸ்ட்டிலும் நடக்கும் திருவிழாக்களுக்குத் தீவெங்கிலுமிருந்து மக்கள் வந்து, கடற்கரை மரத்தடியில் கூடாரம் போட்டுத் தங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். எல்லா மதத்தவரும் வருகிறார்கள். முந்தலுக்கு அருகே உடப்பு, தமிழ் இந்து மீனவர்களின் ஊர். ஆடியில் திரௌபதை அம்மன் கோயில் தீமிதி அங்கே பெரிய விழா. ராமேஸ்வரம் பக்கமிருந்து வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். புத்தளத்துக்கு அருகே சிறம்பையடியில் ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் வாழ்கிறார்கள். தேங்காய்ச் சிரட்டை, கரண்டி, போத்தல் இவற்றையெல்லாம் தாளமாக்கி அவர்கள் பாடும் ‘மஞ்சா’ பாட்டில் போர்த்துக்கீசியச் சொற்கள் கலந்திருக்கும்.

கற்பிட்டிக் கோட்டை டச்சுக்காரர்கள் 1667 முதல் 1676 வரை கட்டியது. கண்டி அரசின் கடல் வணிகத்தை அடைப்பதே நோக்கம். இன்று உள்ளே இருப்பது இலங்கைக் கடற்படை. வாசலில் கேட்டு, பெயர் எழுதி, அவர்கள் துணையோடுதான் பார்க்க முடியும். படம் எடுக்கும் முன்பும் கேட்க வேண்டும்.

தமிழாசிரியையான என் மனைவிக்குக் கோட்டையைவிட அந்த ஊர்தான் பெரிது. ‘தமிழ் புளூட்டாக்’ எழுதிய சைமன் காசிச்செட்டி 1807-ல் பிறந்தது கற்பிட்டியில். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்து 1859-ல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட முன்னோடி நூல் அது. வகுப்பில் பல தடவை சொன்ன பெயர். அந்தத் தெருக்களில் நடக்கும்போது பிள்ளைகளுக்கு அவள் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் பின்னால் நடந்து கேட்டேன்.

கேட்காமல் காத்திருக்க வேண்டியவை

எதையும் கேட்டுச் செய் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே போன எங்களுக்கு, கேட்காமல் இருப்பதும் மரியாதை என்று இந்தக் கரை சொல்லித்தந்தது. புத்தளத்தில் பேசிய பலருக்குப் பூர்வீகம் மன்னார், யாழ்ப்பாணம், முல்லைத்தீவு. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது, கையில் கிடைத்ததோடு இங்கே வந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள். இலங்கைப் பிரச்னையைப் பற்றித் தமிழகத்தில் நாம் பத்திரிகையில் படித்தும் மேடையில் கேட்டும் ஓர் அபிப்பிராயத்தோடு வருகிறோம். அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதை இருக்கிறது. எல்லை தாண்டும் தமிழக விசைப்படகுகள் பற்றியும் அவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அவர்களாகச் சொல்லத் தொடங்கினால் உட்கார்ந்து கேட்க வேண்டும். குறுக்கே பேசக் கூடாது. சொல்லவில்லையென்றால், மீனின் விலையைப் பற்றியும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் பேசிவிட்டு நிறைந்த மனசோடு வர வேண்டும்.

புறப்படும் முன்…

• இலங்கைக்கு ‘ஈ.டி.ஏ’ எனும் மின்னணு அனுமதியை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். கடவுச்சீட்டு நகல்களைக் குடும்பத்தில் இரண்டு பேர் தனித்தனியாக வைத்திருங்கள்.

• பௌர்ணமி தோறும் ‘போயா’ விடுமுறை. அன்று மது, இறைச்சி விற்பனை கிடையாது; பல கடைகள் மூடியிருக்கும். காலண்டரைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

• புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

• டால்பின் பார்க்கும் நாளுக்கு அடுத்த நாளைக் காலியாக விடுங்கள். காற்று சரியில்லையென்றால் படகு போகாது, மறுநாள் போகலாம்.

எது தூரம்?

சிங்கப்பூர், துபாய், பாங்காக் என்று விடுமுறைக்கு விமானம் ஏறும் குடும்பங்கள் இன்று நிறைய. அங்கெல்லாம் பார்ப்பதற்கு நிறைய உண்டு. ஆனால், தாத்தாவும் பாட்டியும் பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்காமல், தாங்களே முன்னால் போய்ப் பேசுகிற வெளிநாடு வேறு எங்கே இருக்கிறது? புத்தளம் கரையில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள்தான் எங்களுக்கு வழிகாட்டி. உப்பு தெரிந்தவர் உப்பைப் பேசினார், அடுப்பு தெரிந்தவர் சொதியைப் பேசினார், பாடம் நடத்துகிறவர் புலவர்களைப் பேசினார். பிள்ளைகள் அவர்களைப் பார்த்து, தெரியாதவரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று படித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் சொல்லித்தராத பாடம் அது.

அடுத்த விடுமுறைக்கு எங்கே என்று உங்கள் வீட்டில் பேச்சு வந்தால், சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் விமானம் கட்டுநாயக்கவில் கொண்டு சேர்க்க, அங்கிருந்து சாலை வழியே எட்டிவிடுகிற இந்தக் கரையையும் பட்டியலில் சேருங்கள். போனால், நாலு இடம் குறைத்துப் பார்த்தாலும் பரவாயில்லை. நாற்பது கேள்வி கூடுதலாகக் கேளுங்கள். பதில் சொல்வதற்கு அந்த ஊரில் எல்லோருக்கும் நேரம் இருக்கிறது.